படுத்த என்ஜினைக் குறைந்த செலவில் எழுப்புவது: மலைநாட்டுக்காரருக்கு ஓர் அரிச்சுவடி

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில் மத்தியான நேரம் போனால், எப்படியும் ஒரு கார் பொனட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்பதைப் பார்க்கலாம். பக்கத்துப் பாறையில் பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். கார்க்காரர் ஒரு போத்தலில் அதைப் பிடித்துவந்து ரேடியேட்டரில் ஊற்றுவார். ஆவி சீறும். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பிவிடும். பார்க்கிறவருக்கு விஷயம் அதோடு முடிந்தது. என்ஜினுக்கு அப்போதுதான் தொடங்குகிறது. கொதித்துப்போன அலுமினியத்தில் மலைத் தண்ணீர் பட்டால் என்ஜினின் மேல்மூடியான ஹெட் கோணிக்கொள்ளும், சில சமயம் கீறலும் விழும். இரண்டு மாதம் கழித்து அதே கார் விற்பனைக்கு வரும். "கொஞ்சம் சூடாகும், வேற ஒரு குறையும் இல்ல" என்பார்கள்.

என் மாருதி 800 அப்படி வந்ததுதான். விலை குறைவு என்று வாங்கினேன். ஒரு கராஜில் ஹெட் கேஸ்கட்டை மாற்றித் தந்தார்கள். மூன்று மாதத்தில் றம்பொடை ஏற்றத்தில் திரும்பக் கொதித்தது. அடுத்துப் போன இடத்தில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ், ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழுமாகத் தடவினார். மேல்பாதி சுட்டது, கீழ்ப்பாதி குளிர்ந்து கிடந்தது. "தம்பி, நோய் இங்க இருக்கு. நீங்க தலைக்கு ஒப்பரேஷன் பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றார்.

அடைத்துப்போன ரேடியேட்டரைச் சுத்தம் செய்திருந்தால் முதல் கேஸ்கட்டே நின்றிருக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: என்ஜின் வேலையில் சல்லி மிச்சமாவது, கழற்றுவதற்கு முன்னால் செலவழிக்கும் ஒரு நாளில்தான். இந்தக் கட்டுரையில் பாதி அந்த ஒரு நாளைப் பற்றியது. நட்டும் போல்ட்டும் அப்புறம் வரும்.

இப்போது ஏன் இதைப் பேசவேண்டும் என்றால், நம் பக்கம் பழைய கார் ஒன்றைக் கைவிடுவது லேசில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதில், இருபது முப்பது வருஷக் கார்கள் தங்கம் மாதிரி ஆகிவிட்டன. சாமான் விலையும் கூடவே ஏறியது. அதனால் "எல்லாத்தையும் மாத்திருவோம்" என்று சொல்லும் கராஜ் நமக்குக் கட்டுப்படியாகாது. எதை மாற்றாமல் விடலாம் என்று சொல்லத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும்.

அடைப்பும் இடைவெளியும்

என்ஜினைத் திறந்து பார்த்தால் நூறு சாமான் இருக்கும். பயப்படவேண்டாம். அத்தனையும் சேர்ந்து காப்பாற்றுவது இரண்டு விஷயங்களைத்தான்.

முதலாவது அடைப்பு. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரியும்போது எழும் அழுத்தம் பிஸ்டனை மட்டுமே தள்ளவேண்டும், வேறு எங்கும் கசியக்கூடாது. பிரஷர் குக்கர் மாதிரிதான். மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் பருப்பு வேகாது. குக்கருக்கு ஒரு வளையம், என்ஜினுக்கு மூன்று இடம்: பக்கச் சுவரோடு உரசும் பிஸ்டன் ரிங், மேலே வாயைத் திறந்து மூடும் வால்வ், ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளொக்குக்கும் நடுவில் படுத்திருக்கும் கேஸ்கட்.

இரண்டாவது இடைவெளி. சுழலும் இரும்பும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவில் ஒயில் ஒரு மெல்லிய படலமாக நின்று தாங்கவேண்டும். எவ்வளவு மெல்லியது? தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு சிறிய காரின் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்கில் இருக்கும் இடைவெளி அதில் பாதிதான் வரும். அது இரண்டு மடங்கானால் ஒயில் நிற்காமல் வழிந்துவிடும், அழுத்தம் விழும், இரும்பு இரும்பைத் தட்டும். அந்தச் சத்தம்தான் "டொக் டொக்".

என்ஜின் வேலை என்றால் இந்த அடைப்பையும் இடைவெளியையும் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து அதற்கு மட்டும் சல்லி கட்டினால் சின்ன வேலை. கண்டுபிடிக்காமல் பிரித்தால் பெரிய வேலை.

மலை சொல்லும் நோய்

சமதரையில் இருப்பவருக்குக் கிடைக்காத ஒரு சோதனைக்கூடம் நமக்கு வாசலிலேயே இருக்கிறது. ஏற்றமும் இறக்கமும்.

கார் நீலப் புகை விடுகிறது, அதாவது ஒயிலைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிங் தேய்ந்ததாலா, வால்வ் தண்டில் இருக்கும் சின்ன ரப்பர் சீல் காய்ந்ததாலா? முதலாவது பெரிய செலவு, இரண்டாவது சின்னச் செலவு. நீண்ட இறக்கத்தில் கியரைப் போட்டு அக்ஸிலரேட்டரைத் தொடாமல் இறங்குங்கள். அந்த நேரத்தில் உள்ளே வரும் காற்றுப்பாதை ஏறக்குறைய மூடியிருக்கும், பிஸ்டனோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல், தளர்ந்த வால்வ் சீல் வழியாக மேலே இருக்கும் ஒயிலை உள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கும். கீழே வந்து அக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் "புஸ்" என்று ஒரு நீல மேகம் கிளம்பி, கொஞ்ச தூரத்தில் மறைந்தால் வால்வ் சீலைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். மாறாக, ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது விடாமல் நீலமாக வந்துகொண்டே இருந்தால் ரிங் பக்கம் பார்வை போகவேண்டும். பின்னால் ஒரு நண்பரை மோட்டார்சைக்கிளில் வரச்சொல்லிப் பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பதை நம்பி நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

வெள்ளைப் புகையில் அவசரப்படக்கூடாது. நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் எல்லாக் காரும் வெள்ளையாகத்தான் விடும், அது வெறும் நீராவி. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல் வந்து, கூலன்ட் மட்டமும் குறைந்துகொண்டே போனால்தான் கேஸ்கட்டோ ஹெட்டோ கசிகிறது என்று பொருள். அதேபோல ஒயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம் கிறீம் ஒட்டியிருந்தால் பதறவேண்டாம். குளிரில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரில் ஈரம் அங்கே படியும். ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். அதிலும் பால்தேத்தண்ணி என்றால் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு காரை ஓட்டவே கூடாது.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு கேஜைத் திருகி, ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, உள்ளே எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று பார்ப்பது. என்ஜின் சூடாக இருக்கவேண்டும், பற்றரி நல்ல பலத்தில் இருக்கவேண்டும், எல்லாப் பிளக்கையும் கழற்றியிருக்கவேண்டும், பிளக்குக்குப் போகும் கரண்டையும் பெட்ரோலையும் துண்டித்திருக்கவேண்டும், அக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடிக்கவேண்டும். மிதிக்க மறந்தால் காற்றே உள்ளே போகாது. நல்ல என்ஜினைக் கெட்டது என்று கேஜ் சொல்லும்.

இங்கே மலைக்கென்று ஒரு பொறி இருக்கிறது. புத்தகத்திலும் யூடியூபிலும் சொல்லும் எண்கள் கடல்மட்டத்துக்கானவை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு. கொழும்பில் 180 psi காட்டும் அதே என்ஜின் நுவரெலியாவில் 150 பக்கம்தான் காட்டும். இது தெரியாமல் "கம்ப்ரஷன் போயிருச்சு, போர் அடிக்கணும்", அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கணும், என்று தீர்ப்புக் கொடுத்தால் நல்ல என்ஜின் கத்தியின் கீழ் போகும். அதனால் எண்ணை விட ஒற்றுமையைப் பாருங்கள். மூன்று சிலிண்டரும் 148, 150, 145 என்று வந்தால் குடும்பம் நன்றாக இருக்கிறது. 150, 148, 95 என்று வந்தால் மூன்றாவதில் ஏதோ இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்திருந்தால், நடுவில் கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விழுந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி சோதியுங்கள். ஒயில் ரிங்கைச் சுற்றிப் படிந்து கொஞ்ச நேரத்துக்கு அடைத்துக்கொள்ளும். எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங்கில். ஏறவில்லை என்றால் மேலே, வால்வில் அல்லது கேஸ்கட்டில். ஒரு கரண்டி ஒயில் செலவில், அடிவரை பிரிக்கவேண்டுமா, ஹெட்டோடு நிறுத்தலாமா என்ற பெரிய கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று. மாருதி 800 புதிதாக இருந்தபோதே அதன் பலம் நாற்பது குதிரைக்குள்தான். 796 சிசி, மூன்று சிலிண்டர். உயரம் ஏற ஏற 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வீதம் பலம் குறையும். நாலு பேரையும் ஒரு மூட்டை மரக்கறியையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் முனகுவதெல்லாம் நோய் இல்லை.

ஏன் கொதித்தது?

ஹெட்டில் கை வைப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் இல்லாமல் மூடிய என்ஜின் திரும்ப வரும், என்னுடையது வந்த மாதிரி.

நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். என்ஜினோ 90 பாகை பக்கம் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அப்படியானால் எந்த நேரமும் கொதிக்கவேண்டுமே? காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. 0.9 பார் அழுத்தம் வரும்வரை அது ஆவியை வெளியே விடாது. திரும்பவும் குக்கர்தான்: அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். நல்ல மூடி இருந்தால் நம் உயரத்திலும் தண்ணீர் 115 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த இருபது பாகை மொத்தமும் போய்விடும். கடையில் இருக்கும் சாமான்களிலேயே மலிவானவற்றில் ஒன்று இந்த மூடி. அதனால் செத்த என்ஜின்கள் எத்தனையோ.

தேர்மோஸ்டட்டைக் கழற்றி வீசுவது நம் கராஜ்களில் ஒரு வழக்கம். "சூடாகாது, விடுங்க" என்பார்கள். 82 அல்லது 88 பாகையில் திறக்கவேண்டிய அந்தக் கதவு இல்லாவிட்டால், மலைக் குளிரில் என்ஜின் சூடாகவே நேரமெடுக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஒயிலில் ஈரம் தங்கும், தேய்மானமும் கூடும். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, தேர்மோஸ்டட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டால் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். காற்றாடி சுற்றுகிறதா, தண்ணீர்ப் பம்ப் ஒழுகுகிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டருக்குக் கடையில் விற்கும் கூலன்ட்தான். பீலித் தண்ணீர் நமக்குக் குடிக்க நல்லது, ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை.

ஹெட்

சோதனை எல்லாம் மேலே கையைக் காட்டினால் ஹெட்டைக் கழற்றவேண்டும். என்ஜின் ஆறிக் குளிர்ந்த பிறகே. போல்ட்டுகளை இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால், கோணாத ஹெட்டையும் நாமே கோணவைப்போம். போடும்போது இதற்கு நேர்மாறு: நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால், அந்தக் காருக்கு உரிய அளவில். "கைக்கணக்கு" என்று யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். டோர்க் ஸ்பானர் இல்லாத கராஜில் ஹெட் வேலை கொடுக்காதீர்கள். இரவல் வாங்கியாவது வையுங்கள். சில கார்களில் ஹெட் போல்ட் ஒரு தடவைக்குத்தான். இழுபட்டு நீளும்படி செய்திருப்பார்கள், திரும்பப் போட்டால் பிடிக்காது. வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட் ஏன் கோணுகிறது? பெரும்பாலான பழைய கார்களில் பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் பிடித்துவைத்திருப்பதால் விரிய இடமில்லாமல் முதுகை வளைத்துக்கொள்ளும். நேரான எஃகுச் சட்டம் ஒன்றைக் கழுவித் துடைத்த ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். சிறிய கார்களில் அது நுழைந்தால் லேத் கடையில் சீவவேண்டும். சீவுவதற்கு முன்னால் கீறல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கீறிய ஹெட்டைச் சீவிக் காசை வீணாக்கியவர்கள் உண்டு. வால்வுகளுக்கு நடுவில் கீறல் என்றால், வெல்டிங்கை விடப் பாவித்த நல்ல ஹெட் ஒன்றைத் தேடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சீவும்போது "நல்லா எடுத்துவிடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். ஹெட் குறையக் குறைய மேலே உள்ள குழி சின்னதாகும், கம்ப்ரஷன் கூடும். நம் உயரத்து மெல்லிய காற்றில் அது சத்தமில்லாமல் ஓடும். 92 ஒக்டேன் பெட்ரோலோடு கொழும்புக்கு இறங்கினால் அங்கே பெட்ரோல் தானாக வெடித்துத் தட்ட ஆரம்பிக்கும். சமமாகும் அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஒரு துரும்பும் வேண்டாம்.

வால்வ் வேலையை நீங்களே வீட்டில் செய்யலாம். வாங்குவது ஒரு டப்பா அரைக்கும் பசையும், நுனியில் ரப்பர்க் கிண்ணம் வைத்த ஒரு குச்சியும்தான். வால்வின் ஓரத்தில் பசையைத் தடவி, அதன் இருக்கையில் வைத்து, தயிர் மத்தை உருட்டுவது போல இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டவேண்டும். முதலில் கரகரவென்று கேட்கும், போகப்போகச் சத்தம் மென்மையாகும். துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும். ஒரு வால்வின் இடத்தில் இன்னொன்றைப் போடக்கூடாது. ஒரு முட்டை அட்டையில் எண் எழுதி வரிசையாக வைத்துவிட்டால் குழப்பமில்லை. எல்லாம் பூட்டிய பிறகு ஹெட்டைக் கவிழ்த்து அந்தக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அடியில் ஈரம் இல்லை என்றால் அடைப்புச் சரி. வால்வ் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். இறக்கத்து நீலப் புகைக்கு மருந்து அதுதான். வால்வுகளைக் கிராங்கோடு ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டும் கையோடு மாறட்டும்.

அடிவேலை

ரிங் என்று தீர்ப்பு வந்தால் பிஸ்டனை வெளியே எடுக்கவேண்டும். செலவு மூன்று மடங்கு ஆகும் இடம் இது.

சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுங்கள். நகம் ஒரு படியில் தடுக்கினால் சுவர் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு என்பதை நகம் சொல்லாது. போர் கேஜால் மேலே, நடுவில், கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும் அளக்கவேண்டும். அளக்கத் தெரிந்த லேத் கடைக்கு அதற்காக மட்டும் சல்லி கொடுக்கத் தயங்காதீர்கள். பெரும்பாலான சிறிய பெட்ரோல் என்ஜின்களில் அளவுக்கு அளவு வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடவேண்டும். அதற்குக் குறைவு என்றால், சுவரை மெல்லச் சுரண்டிக் குறுக்குக் கோடு போட்டு, பிஸ்டன் நன்றாக இருக்கிற பட்சத்தில் புது ரிங் மட்டும் போட்டால் போதும். அந்தக் கோடுகள் அழகுக்கில்லை. ஒயில் தங்குவதும் புது ரிங் தன்னைத் தேய்த்துப் பொருத்திக்கொள்வதும் அவற்றில்தான்.

போர் அடிப்பதென்றால் முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அளவை விட எத்தனை மில்லிமீட்டர் பெரியது என்பது 0.25 அல்லது 0.50 என்று பெட்டியில் போட்டிருக்கும். லேத்காரர் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் குடையவேண்டும். 0.50க்குக் குடைந்துவிட்டுக் கடை கடையாக அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை வரை போயும் அவருக்கு 0.25தான் கிடைத்தது.

புது ரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிடக்கூடாது. ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஃபீலரால் பாருங்கள். துவாரத்தின் விட்டம் ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் 0.1 மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு. மாருதியின் 68.5 மில்லிமீட்டருக்குச் சுமார் 0.27 வரும். இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து முட்டி உடையும். எழுத்தோ புள்ளியோ உள்ள பக்கம் மேலே. மூன்று ரிங்கின் வாயும் ஒரே நேர்கோட்டில் வராமல் விலக்கி வையுங்கள்.

பேரிங்குகளை எடுத்துவிட்டால் புதிதாகவே போடுங்கள், இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் கிராங்க் ஷாஃப்டைக் கட்டாயம் கடையவேண்டும் என்று இல்லை. மைக்ரோமீட்டரில் அளவு சரியாக வந்து, நகத்துக்குக் கீறல் தட்டுப்படாவிட்டால் அதை அப்படியே விடலாம். பேரிங் மூடிகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கும் திசைக்கும் சொந்தம். கழற்றும்போதே எண் போட்டு, தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள்.

சிலிண்டரைக் கோடு போட்ட பிறகு பெட்ரோலால் கழுவினால் போதும் என்று நினைக்காதீர்கள். உராய்வுத் தூள் கோடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் பிரஷும் கொண்டு தேய்க்கவேண்டும், வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை. துடைத்தவுடன் ஒயில் பூசவேண்டும். நம் பக்கத்து மூடுபனியில் பூசாமல் இரவு விட்டால் காலையில் செந்துரு பூத்திருக்கும், எனக்குப் பூத்தது.

என்ஜினையே மாற்றினால்?

சில நேரம் அதுவே மலிவு. ஹெட்டும் கீறி, போரும் போய், கிராங்கும் தட்டினால், ஜப்பானில் பாவித்து இறக்கிய என்ஜின் ஒன்றின் விலையையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதன் உள்ளேயும் உங்களுக்குத் தெரியாது. கம்ப்ரஷன் பார்க்கவிடாத கடையில் வாங்கவேண்டாம். எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கம் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியவேண்டும், அதற்குப் பற்றுச்சீட்டு தேவைப்படும். இதைச் செய்யாதவர்கள் காரை விற்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

மூடிய பிறகு

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள். காய்ந்த பேரிங்கில் என்ஜின் எழுந்தால் இத்தனை வேலையும் முதல் நிமிஷத்திலேயே போய்விடும்.

கூலன்ட் ஊற்ற நம்மிடம் இலவச ஜாக்கி இருக்கிறது: சாய்வான பாதை. காரின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ரேடியேட்டர் மூடி திறந்திருக்க, ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்துவிட்டு ஊற்றுங்கள். உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக மேலே வந்துவிடும். என்ஜின் ஓடி, தேர்மோஸ்டட் திறந்து, மட்டம் இறங்கி, மறுபடி நிரப்பி, பிறகே மூடவேண்டும். காற்று தங்கினால் ஹெட்டில் ஒரு மூலை தண்ணீர் இல்லாமல் வேகும். பழைய கதை திரும்பும்.

புது ரிங் போட்ட என்ஜினை நிறுத்திய இடத்தில் மணிக்கணக்காக ஓடவிடும் வழக்கம் தவறு. ரிங் பொருந்த அழுத்தம் வேண்டும். மிதமான ஏற்றத்தில் இரண்டாம் மூன்றாம் கியரில், முனகவிடாமல், அலறவும் விடாமல் ஏறி, இறக்கத்தில் கியரிலேயே இறங்கி, கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்புங்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை போய்வரும் தூரம் போல ஒன்று முதல் நாளுக்கு நல்லது. கொழும்புப் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

ஐந்நூறு கிலோமீட்டரில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஒயிலை வெள்ளைத் துணி வழியாக ஒரு தட்டத்தில் வடித்து, வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் மினுக்கம் தெரியும், அது ரிங் பொருந்திய தடம். விரலுக்கு இடையில் தேய்க்கும்போது கையில் தட்டுப்படும் துகளாகவோ செதிலாகவோ இருந்தால் காரை அங்கேயே நிறுத்தி, பாஸைக் கூப்பிடுங்கள். வரும்வரை அந்தத் துணியைக் கழுவவேண்டாம். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.